தாய்மாமன் மடிக்கு மாற்று ஏற்பாடு

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஜனவரி மூன்றாம் தேதி, காலை ஷிஃப்டு தொடங்கி அரை மணி நேரத்தில், பூமியின் மேல் அக்கறை வந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அப்படி ஓர் அறிகுறியும் கிடையாது. அதற்கப்புறம் ஜெர்மனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. உங்களிடம் சீட் வாங்குகிற எங்களுக்கு, நீங்கள் எவ்வளவு கரியைக் காற்றில் விடுகிறீர்கள், அதை எப்படிக் குறைக்கப் போகிறீர்கள் என்பது தெரிந்தாக வேண்டும், மார்ச் கடைசியில் நேரில் வருகிறோம் என்று அதில் கண்டிருந்தது.

கம்பெனியில் நுரை வார்க்கும் எந்திரம் நாலு, கொதிகலன் ரெண்டு, கரண்டு போனால் கூரை அதிர ஓடும் ஜெனரேட்டர் மூன்று, தினமும் வந்துபோகும் லாரி இருநூறு. இவற்றை அளப்பது சிக்கலான வேலை, தக்க நிபுணரைப் பிடித்து நிதானமாகச் செய்ய வேண்டும் என்று மேலிடம் கருதியது. ஆயிரத்து நூறு தொழிலாளிகளை அளப்பது சுலபம். நிற்கச் சொன்னால் வரிசையில் நிற்பார்கள்.

மனிதவள மேலாளர் சக்ரபாணி ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவிலிருந்து தினமும் தனியாக ஒரு காரில் வருகிறவர். அன்று மத்தியானத்துக்குள் அவர் அறைக் கதவில் ‘பசுமைக் குழுத் தலைவர்’ என்று இன்னொரு பலகை ஏறிவிட்டது. ஷிஃப்டு முடிந்ததும் எல்லோரையும் கேன்டீனில் கூட்டினார்.

“பூமிக்கு ஜுரம் அடிக்குதுப்பா. யாரால? நம்ம ஒவ்வொருத்தராலயும். கம்பெனிதான் காரணம்னு சிலபேர் சொல்லுவாங்க. கம்பெனின்னா யாரு? இந்தக் கட்டடமா? எந்திரமா? நீங்கதாம்பா கம்பெனி. அதனால ஆளுக்கு ஆள் தன்னோட கார்பன் தடத்தை அளக்கணும். மூணு மாசத்துல இருபது பர்சென்ட் குறைக்கணும். ஏப்ரல் ஒண்ணாம் தேதி பர்மனென்ட் லிஸ்ட் போடறப்ப இந்தப் பசுமை மார்க்கையும் பார்ப்போம்.”

பின்வரிசையில் நின்ற நெல்லையப்பனுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. மூன்று வருஷமாக, சம்பள உயர்வு கேட்டபோதும், கையில் கம்பி குத்தி ஆஸ்பத்திரி போனபோதும், இதே சக்ரபாணி இதே கேன்டீனில், “நீ கம்பெனி ஆள் கிடையாதுப்பா, டிரெய்னி” என்றுதான் அவனுக்கு விளக்கியிருந்தார். இன்றைக்குத்தான் அவனைக் கம்பெனி என்று ஒருவர் வாய் திறந்து சொல்கிறார். அவனுக்கு வயது இருபத்தாறு. ஊர் நாங்குநேரிப் பக்கம். அப்பா, அம்மா இல்லை. திசையன்விளைப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கை கனகலட்சுமி ஒருத்திதான் அவனுக்கென்று இருந்த சொந்தம்.

அளக்கிற வேலை லைன் சூப்பர்வைசர் எல்லப்பன் தலையில் விழுந்தது. எல்லப்பன் உள்ளூர்க்காரர். இப்போது பெயின்ட் ஷாப் நிற்கிற இடத்தில் அவருடைய அப்பா கேழ்வரகு போட்டுக்கொண்டிருந்தார். கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு நெல்லையப்பனை எதிரே உட்கார வைத்தார்.

“காரு எத்தினி வச்சிக்கினு கீறே?”

“காரா? இல்ல அண்ணாச்சி.”

“வருசத்துக்கு எத்தினி தபா பிளேன்ல போவே?”

நெல்லையப்பன் சிரித்தான். எல்லப்பன் சிரிக்கவில்லை, கட்டாயக் கேள்வி, சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது. சைபர் என்று தட்டினார்.

“வூட்ல ஏசி?”

“ரூமுல எட்டுப் பேரு, ஃபேன் ஒண்ணு. பாயி நாலுதான் அண்ணாச்சி. இவன் எந்திரிச்சா அவன் படுப்பான்.”

“கறி?”

“மாசத்துல ஒரு நாளு பிரியாணி. பொறவு கேன்டீன் முட்ட.”

எல்லாம் தட்டி முடித்ததும் டேப்லெட் சிவந்து, சரியான எண்ணைக் கொடுக்கவும் என்றது. மறுபடி தட்டினார். மறுபடி சிவந்தது. “இன்னாபா நீ, இவ்ளோ கம்மியா ஒரு மன்சன் கெடையவே கெடையாதுன்றது இது. நீ உசுரோட கீறேன்னே சிஸ்டம் ஒத்துக்க மாட்டேன்து. வேற இன்னாதான் செய்றே, சொல்லேன்?”

நெல்லையப்பன் கூச்சத்தோடு யோசித்து, வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போய்வருவதாகச் சொன்னான். தீபாவளி, பொங்கல், ஊர்க் கோயில் கொடை, பங்குனி உத்திரம். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். இதைத் தட்டியதும் டேப்லெட் பச்சையாகி அவனை மனிதன் என்று ஏற்றுக்கொண்டது. கூடவே, இதுவே உங்கள் வாழ்வின் மிகப் பெரிய மாசு என்றும் ஒரு வரி காட்டியது. ஒருமுறை ஊருக்குப் போய்வர முப்பத்தெட்டுக் கிலோ கரி. அவன் மாதம் முழுக்கத் தின்று, தூங்கி, குளித்து, போன் பேசி விடுகிற மொத்தக் கரி நாற்பத்தொரு கிலோதான்.

அடுத்த வாரம் கம்பெனி தன் பங்குக்கு ஒரு பெரிய தியாகம் செய்தது. சிங்கப்பெருமாள் கோவில் சாலையிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த ஆறு பஸ்களை நிறுத்தியது. அந்தப் புகை கம்பெனிக் கணக்கிலிருந்து அடியோடு ஒழிந்தது. கேட்டருகே ‘போக்குவரத்து மாசு: சைபர்’ என்று பலகை வைத்தார்கள். ஆட்கள் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். அந்தப் புகை அவரவர் கணக்கில் சேர்ந்தது. ஆட்டோவில் பன்னிரண்டு பேர் வருகிறோம், பன்னிரண்டால் வகுத்துப் போடுங்கள் என்று சிலர் முறையிட்டார்கள். பசுமைக் குழுவில் கணக்குப் பார்க்கும் வசுதா என்ற பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். “சட்டப்படி அதுல ஏழு பேர்தான் ஏறலாம். நாங்க ஏழாலதான் வகுக்க முடியும். மிச்ச அஞ்சு பேர் இல்லீகல்.” தொங்கிக்கொண்டு வந்த ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

அந்த வாரத்தில்தான் கனகலட்சுமியிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, நிலாவுக்குப் பங்குனி உத்திரத்தன்னைக்குக் காது குத்துதோம். சாஸ்தா கோயில்ல வச்சு. இவுக வகையறா பூராவும் வருது. நீ மொத நாளே வந்துரணும், கேட்டியா? எங்க அத்த இப்பமே ஆரம்பிச்சிட்டாவ. ‘ஒங்கொண்ணன் வருவானா, இல்ல கம்பெனி விட மாட்டேங்குன்னு கதை சொல்லுவானா’ன்னு கேக்காவ.”

“தாய்மாமன் இல்லாம எப்படிட்டி காது குத்துவ? வராம எங்க போயிருவேன்.”

“எனக்கு ஒன்னைய விட்டா ஆரு இருக்கா. நீ மடியில வச்சு உக்காந்தாதான் எனக்கு அங்க மருவாதி.”

அவளுடைய மாமியார் சொர்ணம்மாள் நல்ல நாளிலேயே மருமகளைப் பிறந்த வீடு அற்றவள் என்று ஜாடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிற பெண்மணி. வகையறா முழுவதும் கூடியிருக்கிற சாஸ்தா கோயிலில் பிள்ளையை வைத்துக்கொள்ள மாமன் மடி இல்லையென்றால், அந்தச் சொல்லைக் கனகலட்சுமி ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டியதுதான். நெல்லையப்பனுக்கு இது நன்றாகத் தெரியும். மறுநாளே, இரண்டு மாதம் முன்கூட்டி, லீவு கேட்டு எழுதிக் கொடுத்தான்.

சக்ரபாணி அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி பெருமூச்சு விட்டார். பங்குனி உத்திரம் வருஷா வருஷம் கணக்கு முடிக்கிற சமயமாகப் பார்த்துத்தான் வரும். தெற்கத்திப் பையன்கள் பாதிப் பேர் அந்த வாரம் குலதெய்வமான சாஸ்தாவிடம் போய்விடுவார்கள். லைன் படுத்துவிடும். ஆறு வருஷமாக நோட்டீசு ஒட்டியும், மெமோ கொடுத்தும் அவரால் நிறுத்த முடியவில்லை. இந்த வருஷம் அவருக்குப் பூமி துணைக்கு வந்திருந்தது.

“நான் வேண்டாம்னே சொல்லலியேப்பா. சாமி விஷயம். நீ தாராளமா போ. ஆனா போய்வர்றதுக்கு முப்பத்தெட்டுக் கிலோ. அதை வேற எதுலயாவது மிச்சம் பிடிச்சுக் காட்டு. கம்பெனி குறுக்க நிக்காது.”

நெல்லையப்பன் அதை நம்பினான். மிச்சம் பிடிக்க ஆரம்பித்தான். கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்த விடுதியிலிருந்து வேலைக்கு ஆறு கிலோமீட்டர், நடந்தான். கேன்டீனில் முட்டையைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டான். பிரியாணியை விட்டான். ஷிஃப்டு முழுக்க எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேர்க்கிறவன், ரூமில் ஃபேனுக்கு நேரே படுக்காமல் கதவோரம் படுத்தான். எட்டில் ஒரு பங்குக் காற்று தன் கணக்கில் வரக்கூடாது என்று வசுதாவிடம் எழுதிக் கொடுத்தான். தினமும் காலையில் போய்த் தன் கணக்கைப் பார்த்தான். பிப்ரவரி முடிவதற்குள் நாற்பத்தொன்று பதினாறாகிவிட்டது. உடம்பும் ஆறு கிலோ குறைந்தது. அதற்கு மார்க் இல்லை.

இந்த இடத்தில் அவன் ஒரு தப்பு செய்தான். லைனில் வேலை பார்க்கிற எவனும் செய்யக்கூடாத தப்பு. லைனில் அவ்வப்போது ஓர் என்ஜினியர் கடிகாரத்தோடு வந்து பின்னால் நிற்பார். ஒரு சீட் பூட்ட எத்தனை நொடி என்று பார்ப்பார். அந்த நேரம் யாரும் தன் கைவேகத்தைக் காட்ட மாட்டார்கள். ஸ்க்ரூவைக் கீழே போட்டு எடுப்பார்கள், நெற்றியைத் துடைப்பார்கள், சீட்டைச் சுற்றிவந்து அதற்கு உடம்பு சரியில்லை என்பதுபோலப் பார்ப்பார்கள். ஐம்பது நொடியில் முடித்துக் காட்டினால் நாளை முதல் ஐம்பதுதான் சட்டம். நெல்லையப்பன் இந்த நடிப்பில் கெட்டிக்காரன். ஆனால் முட்டையையும் ஃபேனையும் கணக்கெடுக்கிறவர் கையிலும் அதே கடிகாரம்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

“ஏல கூறுகெட்டவனே,” என்றான் அடுத்த பாயில் படுக்கிற அய்யாத்துரை. ஐந்து வருஷத்தில் மூன்று கம்பெனியில் டிரெய்னியாக இருந்தவன். “இருவது கேட்டா இருவத்தொண்ணு காட்டணும்ல. நீ அறுவது காட்டிட்டு வந்து நிக்க. இனி எல்லாரும் சாவ வேண்டியதான்.”

மார்ச் முதல் தேதி நோட்டீசுப் பலகையில் நெல்லையப்பன் போட்டோ மாலை போட்டதுபோல் பச்சை பார்டரோடு வந்தது. ‘கார்பன் வீரர்’ என்று கீழே எழுதியிருந்தது. அதற்குக் கீழே, மாதம் பதினாறு கிலோவில் ஒரு மனிதன் மகிழ்ச்சியாக வாழ முடியும் என்று நிரூபணமாகிவிட்டதால், இனி அனைவருக்கும் அளவு பதினாறு என்றும், இதற்கு ‘நெல்லையப்பன் அளவு’ என்று பெயர் என்றும் அறிவித்திருந்தார்கள். அன்று முதல் கேன்டீனில் யாருக்கும் முட்டை இல்லை. லைனில் ஒன்றுவிட்டு ஒரு ஃபேனைக் கழற்றினார்கள். விடுதி ரூமில் இருந்தது ஒரே ஃபேன் என்பதால் அதையே கழற்றினார்கள். ரூமில் யாரும் நெல்லையப்பனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் வசுதாவிடம் ஓடினான். “மேடம், நாந்தான் போன மாசமே இருவத்தஞ்சு கிலோ மிச்சம் புடிச்சிட்டேனே, இந்த மாசமும் புடிச்சா முப்பத்தெட்டத் தாண்டிருமே. ஊருக்குப் போவலாமுல்லா?”

வசுதா டேப்லெட்டைப் பார்த்தாள். அவள் கெட்ட பெண் இல்லை. டேப்லெட்டில் இருப்பதைத்தான் சொன்னாள். “போன மாசம் வரை உங்க அளவு நாப்பத்தொண்ணு. அதுக்குக் கீழ வந்தா மிச்சம். இப்ப உங்க அளவு பதினாறு. நீங்க பதினாறுலதான இருக்கீங்க? மிச்சம் எதுவும் இல்லியே.”

“அப்ப முன்ன புடிச்ச மிச்சம்?”

“அது கம்பெனியோட சாதனையில சேந்துடுச்சுங்க.”

அவன் முகம் போன போக்கைப் பார்த்து, விஷயத்தைப் பசுமைக் குழுவில் வைப்பதாகச் சொன்னாள். குழு கூடியது. சக்ரபாணி, வசுதா, கொள்முதல் மேலாளர் ஷ்ரவண் மூவரும் நீள மேஜைக்கு அந்தப் பக்கம். நெல்லையப்பன் இந்தப் பக்கம், நின்றுகொண்டு. ஏசி பதினெட்டில் ஓடியது. அது கட்டடத்தின் கணக்கு.

“தாய்மாமன்னா மதரோட பிரதர்,” என்று ஷ்ரவண் தொடங்கினார். “குழந்தையோட மதருக்கு வேற பிரதர் இருக்காரா?”

“நான் ஒருத்தந்தான் சார்.”

“சிங்கிள் சோர்ஸ்,” என்று ஷ்ரவண் குறித்துக்கொண்டார். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. “இதெல்லாம் முன்னாடியே யோசிக்கணும்பா. ஒரே சப்ளையரை நம்பி ஒரு குடும்பம் எப்படி ஓடும்? பத்து கிலோமீட்டர் சுத்தளவுல லோக்கலா ஒருத்தரை டெவலப் பண்ணக் கூடாதா? சித்தப்பா பையன், பெரியப்பா பையன்?”

“சித்தப்பா மவன் ஒருத்தன் துபாய்ல இருக்கான் சார்.”

“இம்போர்ட் வேண்டாம்.”

“குழந்தையை இங்க வரவழைச்சா என்ன?” என்றார் சக்ரபாணி. வசுதா கணக்குப் போட்டாள். குழந்தை, தாய், தகப்பன், மாமியார், காது குத்துகிற ஆசாரி, வகையறாவில் குறைந்தது நாற்பது பேர். இரண்டு வேன். “சாமியும் வரணுமா?” என்று கேட்டாள். சாஸ்தா இடம்விட்டு வர மாட்டார் என்று நெல்லையப்பன் சொன்னதும் அந்த யோசனையை அடித்துவிட்டாள்.

பிறகு ஷ்ரவண் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். “சரி, அந்த மடி. அதோட வேலை என்ன?”

நெல்லையப்பன் கையால் காட்டிக்கொண்டே சொன்னான். “சம்மணம் போட்டு உக்காரணும் சார். புள்ளய மடியில வச்சுக்கிடணும். ஆசாரி குத்தையில அது திமிறும்லா, அசையாமப் புடிச்சுக்கிடணும். அழுதா வாழைப்பழம் குடுக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு காதுக்கும் சேத்து ரெண்டு நிமிசம் இருக்கும்.”

“ரெண்டு நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்,” என்று ஷ்ரவண் மெதுவாகச் சொன்னார். சக்ரபாணி உச்சுக்கொட்டினார். ஷ்ரவண் தொடர்ந்தார். “ஒருத்தரை உக்கார வைக்கணும். அசையாம பிடிச்சுக்கணும். வலி தெரியாம மெத்துனு இருக்கணும். இதைத்தானே நாம தினமும் நாலாயிரம் பண்றோம்?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நெல்லையப்பன் மூவரையும் பார்த்தான்.

டிசைன் பிரிவுக்கு மூன்று நாள் கொடுத்தார்கள். நெல்லையப்பனைச் சம்மணம் போட்டு உட்காரவைத்துத் தொடையின் சுற்றளவு, முழங்காலின் உயரம், மடியின் பள்ளம் எல்லாம் அளந்தார்கள். கைகால் சூட்டைக்கூடக் குறித்துக்கொண்டார்கள். அதே வடிவில் நுரை வார்த்தார்கள். எடை குறைந்தபின் எடுத்த அளவாதலால் மடி சற்று ஒடுங்கலாக வந்தது. கூடுதலாக ஓர் அங்குல நுரை வைத்து நிரப்பினார்கள். ஏற்றுமதிக்குத் தேறாத பழுப்புத் துணியில் உறை போட்டார்கள். இடுப்பில் ஒரு பெல்ட். முதுகுப் பக்கம் நெல்லையப்பன் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தை ஆளுயர ஃபிளெக்ஸில் அடித்து ஒட்டினார்கள். ஒன்பது கிலோ பொம்மையை அதில் வைத்து நாற்பது தடவை குலுக்கிப் பார்த்தார்கள். பொம்மை விழவில்லை. ‘தாய்மாமன் மடி, மாதிரி ஒன்று’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

பூட்டுகிற வேலை நெல்லையப்பன் லைனுக்கு வந்தது. தன் மடியைத் தானே ஸ்க்ரூ போட்டு முடுக்கினான். எல்லப்பன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரக்கார என்ஜினியரும் வந்து நின்றார். அன்றைக்கு நெல்லையப்பன் நடிக்கவில்லை. கை தன்பாட்டுக்குப் போயிற்று.

“அசிங்கமா கீதுபா,” என்றார் எல்லப்பன், என்ஜினியர் போன பிறகு. “நீயே ஊருக்குப் போய்டேன். இன்னா புடுங்கிடுவானுங்க?”

உதிரிபாகம் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் டீலருக்குப் போகிற லாரியில் மடியும் போய் வழியில் இறங்கிக்கொள்வதாக முடிவாயிற்று. அந்த லாரி எப்படியும் போகிற லாரி; ஆகவே மடியின் பயணத்தால் கூடுதல் மாசு சைபர் என்று சக்ரபாணி விளக்கினார். நெல்லையப்பனுக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. “எப்படியும் போற லாரிதானே சார். நானும் அதுலயே ஏறிப் போயிருதேனே. மூட்ட மேல படுத்துக்கிடுவேன்.”

சக்ரபாணி அவன் தோளைத் தட்டினார். அவருக்கு அவன்மேல் பாசம்தான். “சரக்கு வண்டியில ஆள் ஏத்தறது சேஃப்டிக்கு விரோதம்பா. உனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா உன் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அதுவும் இல்லாம, அன்னைக்கு நீ இங்க இருந்தே ஆகணும். ஜெர்மன்காரங்க அன்னைக்குத்தான் வர்றாங்க. நெல்லையப்பன் அளவு, நெல்லையப்பன் அளவுன்னு ரிப்போர்ட் பூரா போட்டிருக்கோம். நெல்லையப்பன் எங்கன்னு கேப்பாங்க. ஊருக்குப் போயிருக்கான்னா சொல்ல முடியும்?”

பர்மனென்ட் லிஸ்டில் அவன் பெயர்தான் முதல் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

நெல்லையப்பன் அன்று சாயங்காலம் பையை எடுத்து வேட்டியும் சட்டையும் நிலாவுக்கு வாங்கியிருந்த கம்மலும் வைத்தான். கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றான். நாலு ஆட்டோ வந்து போயிற்று. மூன்று வருஷம். இங்கே விட்டால் இன்னொரு கேட்டில் மறுபடி முதல் நாள், மறுபடி டிரெய்னி, அய்யாத்துரையைப்போல. லிஸ்டில் முதல் பெயர். பையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கே நடந்தான். தன்னைக் காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. ஆனாலும் நடந்தான். கம்மலை மறுநாள் லாரி டிரைவரிடம் ஒப்படைத்தான்.

தங்கையிடம் போனில் சொன்னான்.

“பர்மனென்ட் ஆயிரும்ட்டி. ஒனக்குந்தான் மருவாதி. போன்ல நேருக்கு நேரா நான் இருப்பேன். அவுகளே பெரிய திரையில காட்டுதாவளாம். மடி நல்ல மெத்துனு இருக்கும், நானே பூட்டுனது.”

“லாரியில ஒன் மடி வருது. நீ வரல,” என்றாள் கனகலட்சுமி. வைத்துவிட்டாள்.

பங்குனி உத்திரத்தன்று காலை பத்தரைக்குக் கம்பெனியின் பயிற்சிக் கூடத்தில் விழா. ஜெர்மனியிலிருந்து நாலு பேர். அவர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். ஏசியின் குளிருக்கு அது உபயோகமாகவும் இருந்தது. நிர்வாக இயக்குநர் அதிகாலை சிங்கப்பூரிலிருந்து பறந்து வந்திருந்தார், மத்தியானம் டெல்லிக்குப் பறக்க வேண்டியவர்.

“மாற்றம் நம்மிடமிருந்து தொடங்கணும்,” என்று அவர் பேசினார். “போன வருஷம் நான் ஐரோப்பாவுக்கு ஒன்பது தடவை போனேன். மார்ச்சோட முடியற இந்தக் கணக்கு வருஷத்துல எட்டுதான். கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா பண்ணினேன். நம்ம நெல்லையப்பன் மாதிரி எளிமையா வாழ எனக்கும் ஆசைதான். அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் அமையாது. அவங்க அப்படி வாழறதாலதான், நம்ம மாதிரி பொறுப்புல இருக்கிறவங்க கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பூமி தாங்குது.”

எல்லோரும் கைதட்டினார்கள். மேடையில் பச்சைச் சட்டை மாட்டி உட்கார வைத்திருந்த நெல்லையப்பனின் மேல் விளக்கைத் திருப்பினார்கள். பின்னால் திரை ஒளிர்ந்தது. நேரலை. இங்கே அவர்கள் தெரிவார்கள், அங்கே இவன் தெரிவான் என்று வசுதா மைக்கில் சொன்னாள்.

சாஸ்தா கோயில் முள் மண்டிய உடைமரக் காடும் செம்மண்ணுமாகத் தெரிந்தது. பொங்கல் அடுப்புப் புகை. வகையறா வட்டமாக நின்றது. நடுவே, தெர்மாகோல் பெட்டியிலிருந்து எடுத்துவைத்த பழுப்பு மடியும் அதன்மேல் நெல்லையப்பனின் சிரித்த முகமும். பொடியன்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆசாரி பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இது எதற்கு என்று யாரையோ கேட்டார். சொர்ணம்மாள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது கூடத்து ஒலிபெருக்கியில் நன்றாகக் கேட்டது. “எங்க மருமவளுக்குப் பொறந்த வீட்டுல இருந்து அண்ணன பார்சல்ல அனுப்பியிருக்காவ. பாத்துக்கிடுங்க.” வகையறா முழுவதும் சிரித்தது. வசுதா, குடும்பத்தினர் மிகுந்த மகிழ்ச்சியில் இருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

கனகலட்சுமி குழந்தையோடு வந்தாள். மடியைப் பார்த்தாள். அதைச் சுற்றிக்கொண்டு போய், அதற்கு இரண்டு முழம் தள்ளி, வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நிலாவைத் தன் மடியிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “குத்துங்க ஆசாரி,” என்றாள். ஆசாரி தயங்கினார். பெற்றவளே வைத்துக்கொள்கிற வழக்கம் இல்லை என்று யாரோ சொன்னார்கள். “எனக்கு ஆரும் இல்ல. குத்துங்க,” என்றாள்.

ஜெர்மன்காரரில் ஒருவர் குனிந்து வசுதாவிடம், ஏன் அந்த இருக்கையை அவர்கள் பயன்படுத்தவில்லை என்று கேட்டார். வசுதா சக்ரபாணியைப் பார்த்தாள். சக்ரபாணி காதில் ஏதோ சொன்னார். அந்த மக்களின் மரபுப்படி, மிக உயர்வான பொருளில் உட்கார மாட்டார்கள், பக்கத்தில் வைத்து மரியாதை செய்வார்கள் என்று வசுதா விளக்கினாள். ஜெர்மன்காரர் நெகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டார்.

முதல் காதில் ஊசி இறங்கியது. நிலாவின் அலறல் நாலு ஒலிபெருக்கியிலும் வந்து கூடத்தை நிறைத்தது. நெல்லையப்பனின் கைகள் தாமாக முன்னால் நீண்டன. பிறகு அவனே அவற்றை மடக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டான். இரண்டாவது காது. கனகலட்சுமி கண்ணைத் துடைக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, போன் பிடித்திருந்தவனிடம் வந்து, அந்தப் போனுக்கு நேராக நின்றாள். திரை முழுக்க அவள் முகம்.

“அண்ணே, பாத்துக்கிட்டியா? இத்தன சனத்துக்கு முன்னால எனக்குப் பொறந்த வீடுன்னா இந்தப் பஞ்சு மூட்டதான்னு காட்டிட்ட. நீ அங்கயே நல்லா இரு. பர்மனென்டா இரு. எம் பிள்ளைக்கு மாமன்னு இனிமே ஆரும் கெடையாது.”

கூடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் குனிந்து தங்கள் விழா அழைப்பிதழைப் படித்தார்கள். விருந்தினர் நாலு பேரும் வசுதாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு கணம் தடுமாறினாள். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனாள். மடி மிகவும் சௌகரியமாக இருந்ததாகவும், அண்ணனை இப்படி ஒரு நிலைக்குக் கொண்டுவந்த கம்பெனிக்குக் குடும்பம் என்றென்றும் நன்றியோடிருக்கும் என்றும் அந்தச் சகோதரி சொல்கிறார் என்றாள். மூன்று வருஷத்தில் நெல்லையப்பனுக்கு அவ்வளவு ஆங்கிலம் புரிய ஆரம்பித்திருந்தது.

நிர்வாக இயக்குநர் எழுந்தார். ஜெர்மன்காரர்கள் எழுந்தார்கள். கூடம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. கனகலட்சுமி திரையிலிருந்து விலகவில்லை; அண்ணன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

சக்ரபாணி பின்னாலிருந்து குனிந்து, “தட்டுப்பா, கேமரா உன் மேலதான் இருக்கு,” என்றார்.

நெல்லையப்பன் கைதட்டினான். தங்கை அதைப் பார்த்தாள்.